ரோட்டோரத்துக் காசித்தும்பை

என் மனைவிக்குக் கொடைக்கானலில் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலை கிடைத்த அதே கோடையில் எனக்கு வேலை போயிற்று. கோயம்புத்தூரில் ஒரு கூரியர் கம்பெனியின் கிடங்கில் பதினொரு வருடம் இருந்தவன் நான். கிடங்கை வேறு ஊருக்கு மாற்றினார்கள். கூடவே வர வேண்டியவர்கள் என்று ஒரு பட்டியல் ஒட்டினார்கள். அதில் என் பெயர் இல்லை. வீட்டுச் சாமான்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு மலையேறினோம்.

வாடகைக்குக் கிடைத்த வீடு ஒரு சரிவில் இருந்தது. முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் வீட்டுக்கார அக்கா. அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். பக்கத்துக் கவுஞ்சிக் கிராமத்தில் கணவரும் கொழுந்தனும் பூண்டும் உருளையும் போடுகிறார்கள். மகளைப் படிக்கவைக்க டவுனுக்கு வந்தவர், மகள் கல்யாணமாகிப் போன பிறகும் முழங்கால் வலியைச் சொல்லி இங்கேயே தங்கிவிட்டார். வீட்டுக்கு முன்னால் டேலியா, ஜெரேனியம், தலை கனத்துத் தொங்கும் ஹைட்ராஞ்சியா என்று கொடைக்கானல் வீடுகளில் இருக்கும் பூச்செடிகள் எல்லாம் இருந்தன. பின்னால் ஒரு சௌசௌப் பந்தல்.

காலை எட்டரைக்கு மனைவி பள்ளிக்குப் போய்விடுவாள். நான் அடுப்பைத் துடைப்பேன். துடைத்த அடுப்பை மறுபடி துடைப்பேன். ஃபோனை எடுத்து, வேலைக்கு எழுதிப்போட்ட இடங்களிலிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பத்து மணிக்கெல்லாம் வீடு என்னை வெளியே தள்ளிவிடும். முதல் வாரம் டீக்கடைக்காரர், "சாருக்கு இன்னைக்கு லீவா?" என்று கேட்டார். மூன்றாவது வாரம், "இன்னும் லீவுதானா சார்?" என்றார். அதன் பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டு, மேல்வழியாகக் கவுஞ்சி பஸ் போகும் சாலையில் நடக்க ஆரம்பித்தேன். எங்கே போகிறேன் என்று இல்லை. கால் நின்றால் மூச்சு முட்டுவது போல இருந்தது, அவ்வளவுதான்.

செப்டம்பரில் ஒரு நாள், டவுனைத் தாண்டி நான்கைந்து கிலோமீட்டர் போனபின், சாலையோரப் புல்மேட்டில் தண்ணீர் கசிந்து வடியும் ஓர் இடத்தில் அந்தப் பூக்களைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே நிற்கும் மெல்லிய செடிகள். புல்லோடு புல்லாக ஒல்லியான இலை. பூ இளஞ்சிவப்பு. ஒவ்வொரு பூவுக்கும் பின்னால் நூல் மாதிரி ஒரு வால் வளைந்திருந்தது. அந்த வாலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் சொந்த ஊர் பாலசமுத்திரத்தில் எங்கள் கிணற்றடியில் நிற்கும் காசித்தும்பைக்கும் இதே வால்தான். இது அதன் காட்டுச் சொந்தம். ஒரு பங்களா வேலிக்கும் ஒரு ரிசார்ட் விளம்பரப் பலகைக்கும் நடுவே, யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், நூறு செடிகளாவது நின்றன.

எனக்கு அப்போது ஏதாவது ஒன்றைச் செய்துமுடிக்க வேண்டியிருந்தது. வீட்டுச் சாவியாலும் ஒரு குச்சியாலும் தோண்டி, இரண்டு செடிகளை வேரோடு எடுத்து, பிஸ்கட் கவரில் வைத்துக் கொண்டுவந்தேன். டேலியாவுக்குப் பக்கத்தில் நட்டேன். சாயங்காலத்துக்குள் இரண்டும் தலைசாய்ந்துவிட்டன. மறுநாள் போய் வேறு மூன்று எடுத்துவந்தேன். அவையும் செத்தன.

பின்பக்கத்திலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, களையக் கொண்டாந்து நடுறீங்க? எங்க ஊர்ல பூண்டு வயக்காட்டு ஓரத்துல, ஓடைத்தண்ணி போற எடமெல்லாம் இதுதான் கெடக்கும். வெரசாப் புடுங்கிப் போடுவோம்."

"பாக்க நல்லாருக்குல்லக்கா?"

"நல்லாருந்து என்ன செய்ய? ஒரு மழைக்காலம் நிக்கும். பனி விழுந்தாச் செத்துரும். டேலியான்னா கெழங்கு இருக்கு, வருசா வருசம் வரும். இதுக்கு எதுக்கு இம்புட்டு மெனக்கெடுறீங்க?"

பள்ளியிலிருந்து வந்த மனைவி செருப்பைக் கழற்றாமலேயே வாடிய செடிகளைப் பார்த்தாள். "பூத்துக்கிட்டு இருக்கறதப் புடுங்கினா அது எப்படிங்க நிக்கும்?" என்றாள். அவள் செடியைப் பற்றித்தான் சொன்னாள். எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

அதற்குப் பிறகு விதைக்காகக் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்று எழுதுவது சரியில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடந்துபோய்க் காய் முற்றிவிட்டதா என்று பார்த்தேன். பச்சைக் காய், நெல்லைவிடக் கொஞ்சம் பெரிதாக, நடுவில் உப்பி இருக்கும். முற்றாததைப் பறித்தால் உள்ளே வெள்ளைப் பொடிதான். முற்றியதைத் தொட்டால் விரல் பட்ட கணத்தில் வெடித்து, தோல் சுருண்டு, விதைகள் புல்லுக்குள் தெறித்துக் காணாமல் போய்விடும். முதல் நாள் கையில் மிஞ்சியது சுருண்ட தோல்கள் மட்டும்.

நவம்பரில் ஒரு வழி கண்டுபிடித்தேன். குடையை விரித்துக் கவிழ்த்துத் தரையில் வைத்து, செடியை அதற்குள் சாய்த்து ஒரு தட்டுத் தட்டினால் விதைகள் குடைத்துணியில் விழும். அப்படித் தட்டிக்கொண்டிருந்தபோது தூறல் பிடித்தது. குடைக்குள் விதை இருந்ததால் தலைக்குப் பிடிக்க முடியவில்லை. நனைந்தபடியே வேலையைத் தொடர்ந்தேன். ஒரு பைக் வந்து நின்றது. காக்கிச் சட்டை போட்ட வனக்காவலர்.

"என்ன சார், குடை வச்சுக்கிட்டு நனையுறீங்க?"

"விதை எடுக்குறேங்க."

அவர் இறங்கிவந்து குடைக்குள் எட்டிப் பார்த்தார். கடுகைவிடச் சின்னதாகப் பழுப்பு விதைகள் மழைத்துளிகளோடு ஒட்டிக் கிடந்தன. என்னையும் ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார்.

"செடியப் புடுங்குனீங்களா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "ரெண்டு மாசம் முன்னாடி புடுங்கினேன். எல்லாம் செத்துப்போச்சு."

"சாகும். இனிமே புடுங்காதீங்க. விதையும் எல்லாத்தையும் வழிச்சு எடுத்துறாதீங்க, இதுக்கும் அடுத்த வருசம் வேணும்ல?" என்றவர், பைக்கில் ஏறிய பிறகு திரும்பி, "உள்ள காட்டுப் பக்கம் போயிறாதீங்க சார், அப்புறம் எனக்குத்தான் சோலி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாதி விதையை அன்றைக்கே வெளிக்குழாய்க்குக் கீழே, எப்போதும் ஈரமாகக் கிடக்கும் இடத்தில் தூவினேன். மீதியை ஒரு மருந்து டப்பாவில் போட்டு வைத்தேன். தூவிய நாள் முதல் தினமும் மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். ஒரு வாரமானதும் விரலால் மண்ணைக் கிளறி விதை முளை விட்டிருக்கிறதா என்று தேடினேன். மறுவாரமும் கிளறினேன். டிசம்பரில் உறைபனி விழுந்து புல்வெளியெல்லாம் காலையில் வெள்ளையாகக் கிடந்தது. ஜனவரியில் டப்பா விதையை ட்ரேயில் போட்டு ஜன்னல் ஓரம் வைத்தேன். ஒன்றும் வரவில்லை. மார்ச்சில் அந்த ட்ரே மண்ணை ரோஜாத் தொட்டியில் கொட்டினேன்.

மே மாதம், ஊர் முழுக்கக் காரும் ஹாரனுமாக இருந்த சமயத்தில், சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பார்சல் கம்பெனியின் கிடங்கில் மேற்பார்வை வேலை. உடனே வர வேண்டும்.

"போகணுமா?" என்று கேட்டாள் மனைவி.

"போகாம இங்க என்ன செய்யுறது?"

அவள் என் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொடுத்தாள். ஸ்வெட்டரை மட்டும் எடுத்து வெளியே வைத்தாள்.

சென்னை போனால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அங்கே வேலை இருந்தது, கால் நடப்பதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் உள்ளே இருந்த பரபரப்பு அப்படியேதான் இருந்தது. அறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். ஃபோனில் மனைவி கொடைக்கானலில் விடாத மழை என்று சொன்னால், குழாயடி மண் எப்படியிருக்கும் என்று நினைப்பேன். கேட்க வெட்கமாக இருந்தது. அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்பதைக்கூட அவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

ஜூலையில் இரண்டு நாள் விடுப்பில் வந்தேன். சனிக்கிழமை காலை பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்தவன், கதவுக்குப் போகாமல் நேரே குழாயடிக்குப் போனேன். மண் கறுப்பாக, சுத்தமாக, புதிதாகக் கொத்தப்பட்டுக் கிடந்தது. சுவரோரம் பிடுங்கிய களைகள் குவிந்து கிடந்தன. குனிந்து ஒன்றை எடுத்தேன். அடியில் சிவந்த, கண்ணாடி மாதிரித் தண்டு. எதிரெதிராக ஒல்லி இலைகள். ஒரு சாண் உயரம்கூட இல்லை. குவியல் முழுக்க அதுதான்.

அக்கா களைக்கொத்தியோடு சிரித்துக்கொண்டே வந்தார். "நீங்க வர்றீங்கன்னு டீச்சர் சொன்னுச்சு. அதான் வெள்ளனே எந்திரிச்சு எல்லாத்தையும் சுத்தம் பண்ணி வச்சேன் தம்பி."

"உங்கள யாருக்கா தொடச் சொன்னது?"

நான் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. எட்டு மாதம் விதை போட்டுக் காத்திருந்ததைச் சொன்னேன். படிக்காதவர்கள் செய்கிற வேலை இது என்றேன். வாடகைக்கு இருப்பவன் என்றால் எதில் வேண்டுமானாலும் கைவைப்பீர்களா என்றும் கேட்டேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அக்கா களைக்கொத்தியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். போகும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார்.

மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"அது அவங்க தோட்டம். மறந்துட்டீங்களா?"

"அவங்க புடுங்கினது..."

"புடுங்கினாங்க. அவங்களுக்குத் தெரியல. எனக்கும்தான் தெரியல. விதை போட்டீங்க, முளைக்கலன்னீங்க, கெளம்பிப் போயிட்டீங்க. மொளைச்சா எப்படி இருக்கும், பாத்துக்கன்னு யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னீங்களா?" அவள் குரல் உயரவில்லை. "ஒரு வருசமா இந்த வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டே இருந்தீங்க. என்கூட ஒரு நாளாவது இப்படிச் சண்டை போட்டிருந்தா, மனுசன் என்கூடத்தான் இருக்கார்ன்னு நெனச்சிருப்பேன்."

அன்று முழுவதும் நான் வீட்டில் இருக்கவில்லை. மழையில் ஏரியை இரண்டு தடவை சுற்றினேன். படிக்காதவர்கள் வேலை என்று சொன்னது மட்டும் காதில் திரும்பத் திரும்ப வந்தது. முப்பது வருடம் மண்ணில் நின்றவரைப் பார்த்து, ஐந்து செடியை நட்டு ஐந்தையும் கொன்றவன் சொன்ன பேச்சு.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா உர மூட்டைச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் நேற்றைய குவியலிலிருந்து பிரித்தெடுத்த செடிகள். சின்னக் கட்டையால் குழி போட்டு, ஒவ்வொன்றாக இறக்கி, கட்டைவிரலால் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். முட்டைக்கோஸ் வயலைப் போல நேர் நேராக மூன்று வரிசை.

நான் வெளியே போனேன். "அக்கா, நேத்து நான்..."

"அது கெடக்கட்டும். இந்தக் கட்டையப் பிடிங்க, எனக்குக் கால் மடங்க மாட்டேங்குது."

"நான் நட்டதெல்லாம் செத்துப்போச்சேக்கா. இது பொழைக்குமா?"

"நீங்க பூவும் காயுமா நிக்கிறதக் கொண்டாந்தீங்க. இது நாத்துத்தான தம்பி? மழை வேற விடாமப் பெய்யுது, குவியல்ல கெடந்ததுகூட வாடல. நாத்துன்னா நட வேண்டியதுதான்." அடுத்த நாற்றைக் குழியில் இறக்கியபடி, தலை நிமிராமலே சொன்னார்: "ஆனா அப்படிக் கத்தக் கூடாது தம்பி. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு."

"மன்னிச்சிருங்கக்கா."

"சரி, நல்லா அமுத்துங்க. வேருக்குக் காத்துப் போகக்கூடாது."

மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். குழாய்த்திட்டில் உட்கார்ந்து நாங்கள் நடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை சென்னைக்குத் திரும்பினேன்.

பாதிக்கு மேல் பிழைத்துக்கொண்டன. ஆகஸ்ட் கடைசியில் மனைவி ஒரு படம் அனுப்பினாள். நேர்வரிசையில் நட்டவை நாலாபக்கமும் கிளைத்து, வரிசையே தெரியாமல் ஒன்றோடொன்று கலந்து, குழாயடி முழுக்க இளஞ்சிவப்பாக நின்றன. டேலியாவை இந்த வருட மழை அழுக வைத்துவிட்டது என்றும், இது மட்டும் தேங்கிய தண்ணீரில் நிற்கிறது என்றும் எழுதியிருந்தாள். நான் ஒரு வாரம் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தேன்.

பூவைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது தேனீக்கள். வயிற்றில் நீலக்கோடு போட்ட, உருண்டையான ஒரு தேனீ. ஓர் இடத்தில் நிற்காது. ஒரு பூவில் கணநேரம், அடுத்ததில் கணநேரம், விர்ரென்று போய் மறுபடி வரும். சாதாரணத் தேனீக்களும் வந்தன. பூவின் வால் நுனியில்தான் தேன் இருக்கிறது போலும், பட்டாம்பூச்சிகள் குழலை நீட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தன. ஒன்றரை வருடத்தில் அந்த டேலியாவில் நான் இத்தனை உயிர்களைப் பார்த்ததில்லை.

"பின்னாடி வந்து பாருங்க," என்று அக்கா கூட்டிப்போனார். சௌசௌப் பந்தலில் காய்கள் தொங்கின. "போன வருசம் பிஞ்செல்லாம் மஞ்சளாகி மஞ்சளாகி உதுந்துச்சு. இந்த வருசம் நிக்குது. இந்த ஈக்கூட்டம் அங்க வந்துட்டு அப்படியே இங்கயும் வருது." அதனால்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். மழையும் காரணமாக இருக்கலாம். அக்காவுக்குச் சந்தேகமே இல்லை.

கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை, பூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மனைவி கேட்டாள்: "பூவப் பாக்க வந்தீங்களா, என்னப் பாக்க வந்தீங்களா?"

உன்னைத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். "இங்க இருந்தாலும் எனக்கு ஓடணும்னு இருக்கு, அங்க போனாலும் இருக்கு," என்றேன். "அங்க இருக்கும்போது யார்கிட்டயும் அதச் சொல்ல முடியல."

"இங்க இருந்தப்பவும் சொல்லலியே."

"சொல்லல. இப்பச் சொல்றேன்."

அவள் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. "அப்ப இங்கயே இருந்து ஓடுங்க," என்றாள்.

நவம்பர் முடிவில் வேலையை விட்டுவிட்டு வந்தேன். கவுஞ்சி, பூம்பாறைப் பக்கத்திலிருந்து வரும் கேரட்டையும் பூண்டையும் லாரியில் ஏற்றி அனுப்பும் ஒரு காய்கறி மண்டியில் அக்காவின் கணவர் எனக்கு வேலைக்குச் சொல்லிவைத்தார். மூட்டை எது எங்கே போகிறது என்று பார்ப்பது எனக்குத் தெரிந்த வேலைதான். அதிகாலையில் தொடங்கி மதியம் வரை நின்ற இடத்தில் நிற்க விடாது.

நான் வந்தபோது செடிகள் பழுத்துக் காய்ந்துகொண்டிருந்தன. காய்கள் தாமாகவே வெடித்து முடிந்திருந்தன. டிசம்பர் முதல் வாரத்துப் பனி மிச்சத்தையும் கருக்கிவிட்டது. இப்படித்தான் ஆகும் என்று தெரிந்தும், வெறும் மண்ணைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அதன் மேல் ஜெரேனியத் தொட்டிகளைக் கொண்டுவந்து பரப்பினேன். அக்கா வந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார்.

"எடம் சும்மா கெடக்கா? பூண்டு போட்டுருவோம். சித்திரைக்கு முன்னாடி எடுத்துறலாம். உங்க பூவு ஆனி மழைக்குத்தான வரும்? இது ஒண்ணும் டேலியா மாதிரி வருசம் பூரா எடத்தப் புடிச்சுக்கிட்டு உக்காராது."

அதைச் செத்துப்போகும் செடி என்று குறைசொன்னவர் அவர்தான். இப்போது அதையே வசதியாக எடுத்துக்கொண்டார். பூண்டு போட்டோம். ஏப்ரலில் எடுத்தோம். கொத்திய மண்ணில் ஜூன் மழைக்கு முன்னை விட நெருக்கமாக முளைத்தன. இந்தத் தடவை மனைவி முதலில் பார்த்து, பள்ளிக்குப் போகிற வழியிலேயே எனக்கு ஃபோன் செய்தாள். பக்கத்தில் ஹோம்ஸ்டே வைத்திருப்பவர் நாற்றுக் கேட்டு வந்தார். அவருடைய தோட்டத்தில் வாய்க்கால் ஓரம் எதுவுமே நிற்காமல் அழுகுகிறதாம். அக்காவே ஒரு தட்டு நிறையப் பிடுங்கிக் கொடுத்தார். "பூத்த பெறகு புடுங்கி நட்டுறாதீங்க, செத்துரும்," என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

இந்த வருடம் மனைவிக்கு இடமாறுதல் வருமென்று பேச்சு இருந்தது. திண்டுக்கல் பக்கம் கிடைத்தால் அவளுடைய பெற்றோருக்குப் பக்கத்தில் இருக்கலாம். இரண்டு வாரம் நான் யாரிடமும் சரியாக இல்லை. மண்டியில் ஒரு லாரியை மாற்றி அனுப்பிவிட்டு ஏச்சு வாங்கினேன். அதற்கு மூன்றாம் நாள் அவளிடம் போய், "எனக்குப் போக இஷ்டமில்ல. ஆனா நீ போகணும்னா வர்றேன்," என்றேன். பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. அவள் வருத்தப்பட்டாள். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதை மறைக்க முயன்றேன், அவள் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த வருடம் என்ன ஆகும் என்று தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை, அக்கா சௌசௌப் பந்தலை முன்பக்கம் வரை இழுக்கப்போவதாகச் சொன்னார். பந்தல் வந்தால் குழாயடிக்கு வெயில் குறையும் என்று நான் சொன்னேன். அதற்கு ஈரம்தான் வேண்டும், வெயில் வேண்டாம் என்றார் அவர். இரண்டும் வேண்டும் என்றேன். பந்தல் கம்பு நடும் இடத்தைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை.